இல்லாத எடைக்கு வாங்கிய ஸ்பிரிங்

பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரின் முதுகு பெரிதா, எதிரில் நின்று சிரிக்கிற நாலு பேரின் வாய் பெரிதா? "இது என்ன கேள்வி, முதுகுதான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். எடைமேடைக்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், யாராவது கேட்டிருந்தால்.

நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது அவருடைய எடைமேடை. லாரி வந்து இரும்புத் தகட்டின் மேல் ஏறி நிற்கும். அறைக்குள் பெட்டியில் சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு நிற்கும். பாரத்தோடு ஒரு முறை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு முறை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சரக்கு. மனிதரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்தக் கழித்தலிலேயே போயிருக்கிறது. ஓட்டுநர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஜன்னல் வழியாகக் கத்துவார். "உன்னையும் சேத்து மணல்னு விக்கவா? எறங்குய்யா கீழ!" சக்கரத்தின் ஓரத்தைத் தகட்டுக்கு வெளியே நிறுத்தி எடையைக் குறைத்துக் காட்டப் பார்ப்பவர்கள் அவரிடம் மட்டும் வாலாட்டுவதில்லை.

அவர் மனைவிக்கு ஏற்றுமதித் துணி தைக்கும் ஆலையில் வேலை. சட்டைக் காலர் பிரிவு. காலையிலிருந்து மாலைவரை சாய்மானம் இல்லாத முக்காலியில் குனிந்தபடி உட்கார வேண்டும். சாய்ந்தால் தூக்கம் வரும் என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது. அதைக் கண்டுபிடித்த மேலாளரின் நாற்காலிக்குச் சாய்மானமும் உண்டு, சுழல்வதும் உண்டு. அவருக்குத் தூக்கம் வராதா என்று யாரும் கேட்டதில்லை. சில வருடங்களில் மனைவியின் இடுப்புப் பக்க முதுகெலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு பிதுங்கியது. உடன் வேலை செய்தவர்கள் தலையெழுத்து என்றார்கள். தலையில் எழுதியிருந்தால் தலை அல்லவா வலிக்க வேண்டும்? முதுகில் எழுதியது முக்காலி.

மனைவிக்கு ஓர் அக்கா. மலைமேல் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் இருக்கிறார். அக்காவின் கணவர் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு அக்கா இறங்கிவர முடியாது. தங்கைதான் ஏற வேண்டும். பேருந்து அடிவாரத்தோடு திரும்பிவிடும். அதற்கு மேலே இருப்பதைச் சாலை என்று சொல்வது அரசாங்கத்தின் காகிதங்கள் மட்டுமே. அந்தக் காகிதங்களில் அது பலமுறை தார் போடப்பட்ட சாலை. ஒவ்வொரு மழையும் அந்தப் பொய்யைக் கழுவிக் காட்டிவிட்டுப் போகும்.

அந்தப் பாதைக்காகத்தான் எடைமேடைக்காரர் பழைய பெட்டி வண்டி ஒன்றை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. உருண்டை விளக்கு, பின்கதவில் தொங்கும் உதிரிச் சக்கரம். அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. வண்டி பாதி மலை வரை ஏறியது. அங்கே பாதையின் குறுக்கே ஒரு பாறை புடைத்துக்கொண்டிருந்தது. வண்டியின் அடிவயிறு அதில் உரசும். அதற்கு மேல் போனால் எண்ணெய்த் தொட்டி கிழிந்துவிடும்.

அதனால் என்ன? பாறைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு இருவரும் இறங்குவார்கள். நிழலில் போர்வையை விரிப்பார்கள். மனைவி போனை எடுத்து, "அக்கா, வெளிய வா, வந்துட்டோம்" என்பார். மேலே, வெள்ளை மதிலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வந்து நிற்கும். அந்தப் புள்ளி துண்டை எடுத்து வீசும். மனைவி இங்கிருந்து முந்தானையை வீசுவார்.

"அக்கா இளைச்சிட்டா."

"இங்கேருந்து அது எப்படித் தெரியும் உனக்கு?"

"துண்ட வீசுறதுலயே தெரியுதுங்க. முன்னல்லாம் ரெண்டு கையாலயும் வீசுவா."

வீட்டில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. ஒருவர் வேலை முடிந்து வரும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு, மனைவிக்கு லாரி ஓட்டுநர்களைப் போலவே பேசிக் காட்டத் தெரியும் என்பதை அவர் அந்தப் பாதி மலையில்தான் தெரிந்துகொண்டார். வயிறு வலிக்கச் சிரித்தார்.

பாறையைத் தாண்டிவிட்டால் அக்காவைக் கட்டிப்பிடிக்கலாம். வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். தவறில்லாத ஆசை. கணக்கும் சரிதான்.

ஜீப்புகளை உயர்த்திக் கொடுக்கும் கடைக்காரருக்கு "ரெண்டு இன்ச்" என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "ரெண்டு இன்ச் ஏத்திட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். அவர் சுருள் ஸ்பிரிங்குகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

"மூணு வகை இருக்குண்ணே. வண்டி காலியாவே ஓடும்னா இது. ரெண்டு மூணு பேர், கொஞ்சம் சாமான்னா நடுத்தரம். இரும்பு பம்பர், சிக்குன வண்டிய இழுக்கற வின்ச், மேல கேரியர், தண்ணி டேங்க்னு எப்பவும் பாரம் இருக்கும்னா இந்த ஹெவி. உங்க வண்டியில எப்பவும் என்ன எடை இருக்கும், சொல்லுங்க."

"எடையா? நானும் அவளும்தான்."

கடை பெஞ்சில் விடுமுறைக்கு மலையேறும் கூட்டம் ஒன்று டீ குடித்துக்கொண்டிருந்தது. கையெல்லாம் சேறு, வாயெல்லாம் வீரம்.

"அப்ப நடுத்தரம் போடுங்க சார். மாமியார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக சுகமா இருக்கும்."

"பின்னாடி ஒரு தொட்டிலும் கட்டிக்குங்க. அசைஞ்சு அசைஞ்சு போவலாம்."

பெஞ்சே குலுங்கியது. கவனியுங்கள், நோயாளியை வலிக்காமல் கூட்டிப்போவது அங்கே ஒரு கேலி. வண்டியில் சுகம் தேடுவது பெண்களின் பலவீனம், எலும்பு நொறுங்குவது ஆணின் கௌரவம். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் எல்லாரும் தேறிவிடுகிறார்கள்.

எடைமேடைக்காரரும் தேறினார்.

"இப்போதைக்குத்தான் ஒண்ணுமில்ல" என்றார். "பம்பர் வருது. வின்ச் வருது. கேரியர், டேங்க், எல்லாம் போடறதா இருக்கேன்."

"அப்ப ஹெவிதான்" என்றார் ரெண்டு இன்ச். வியாபாரி மறுத்துப் பேசவில்லை.

மற்றவர்களாக இருந்தால் குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்லியிருப்பார்கள். இவர் எடைமேடைக்காரர். வரப்போகும் வின்ச்சுக்கு ஒரு மூட்டை, பம்பருக்கு ஒரு மூட்டை, தண்ணீருக்கு இரண்டு என்று மணலை அள்ளி வண்டியில் அடுக்கி, தன் மேடையிலேயே ஏற்றி நிறுத்தினார். அன்று வாரவிடுமுறை. சாப்பாடு கொண்டுவந்த மனைவி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னங்க இது, மணல் வியாபாரமா?"

"இல்ல, நாளைக்கு வரப்போற எடை. அதுக்கேத்த ஸ்பிரிங் வாங்கணும்."

"என் சீட்லயும் ஒரு மூட்டை உக்காந்திருக்கு?"

"அது நீ."

"நான் இத்தனை குண்டா?" என்று சிரித்துவிட்டு, மூட்டையின் தலையில் ஒரு தட்டு தட்டினார். "அம்மா, பத்திரமா உக்காருங்க. இவர் ஓட்டறது ஒரு மாதிரி."

மேடை ஓர் எண்ணைக் காட்டியது. துல்லியமான எண். அந்த எண்ணில் ஒரு பொய்யும் இல்லை, வண்டியில் அந்தப் பொருட்கள் இல்லை என்பதைத் தவிர.

ஸ்பிரிங் மாட்டியாயிற்று. பெரும் பாரத்தில் அமுங்குவதற்காகச் செய்த ஸ்பிரிங் காலி வண்டிக்கு அமுங்குமா? எதிர்பார்த்ததைவிட இன்னும் இரண்டு இன்ச் கூடுதலாக எம்பி நின்றது. மனைவி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுத்தான் ஏற முடிந்தது. "மாடி வீடு கட்டியிருக்கீங்க, படிக்கட்டு எங்க?" என்றார். ஊருக்குள் ஒரு வேகத்தடையைத் தாண்டியதும், "தூக்கித் தூக்கிப் போடுதுங்க" என்றார்.

"புதுசுல்ல, போகப் போக அமுங்கிடும்."

ஹெவி ஸ்பிரிங் காலி வண்டியில் அப்படி அமுங்காது. அது அவருக்குத் தெரியாததா? காலி லாரி எப்படிக் குதித்துக்கொண்டு வரும், பாரம் ஏற்றியது எப்படிப் பதுங்கி வரும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர். தெரிந்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருக்கவும் ஒரு திறமை வேண்டும்.

மலைக்குப் போனார்கள். பாறை வந்தது. வண்டி உரசாமல் தாண்டியது. "பாத்தியா! பாத்தியா!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். மனைவி இரண்டு கையாலும் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க."

"இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா. அதோ பாரு, மதில் தெரியுது."

நிறுத்தவில்லை. மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனால் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கல்லும் சக்கரத்தில் ஏறி, அசையாத ஸ்பிரிங்கைத் தாண்டி, நேராக இருக்கைக்கு வந்தது. சில வளைவுகளுக்குப் பிறகு மனைவி கத்தினார். அந்தச் சத்தத்தை அவர் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார், அவர்களின் ஒரே குழந்தை பிறந்து தங்காமல் போன அன்றைக்கு.

பாதையோரத்தில் போர்வையை விரித்து, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்தார். விசிறினார். தண்ணீர் கொடுத்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. கீழிருந்து ஒரு சின்னச் சரக்கு வண்டி வந்தது. குடியிருப்புக்கு அரிசியும் காஸ் சிலிண்டரும் ஏற்றிப்போகிற, பெரிய சக்கரம் போட்ட வண்டி. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார்.

"அக்கா, மெதுவா என் வண்டியில ஏறிக்கிங்க. சீட்டச் சாய்ச்சு விடறேன். முழு லோடு, தாலாட்டிட்டுப் போகும்."

மனைவி கணவரைப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"நானும் வர்றேன்" என்றார் எடைமேடைக்காரர்.

"இடமில்லையே சார். நீங்க உங்க ஆனையில வாங்க."

சரக்கு வண்டி பாரத்தில் அமுங்கி, கல்லுக்குக் கல் இழைந்து ஏறிப்போனது. அவர் அதன் பின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். பாதையோரத்துக் கற்களைத் தூக்கித் தன் வண்டிக்குள் போட ஆரம்பித்தார். சட்டை கிழிந்தது, நகம் பெயர்ந்தது. வண்டி அமுங்கும்வரை போட்டார். ஓட்டிப் பார்த்தால் மெத்தையாகப் போனது. அவர் வாங்கியது நல்ல ஸ்பிரிங்தான். பக்கத்து இருக்கைதான் காலி.

குடியிருப்பு வாசலில் அக்கா நின்றிருந்தார். "வாங்க தம்பி" என்றவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இவ்வளவு கல்லு? வீடு கட்டப் போறீங்களா?"

உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்: "அந்த வண்டிக்கு நான் மட்டும் பத்தாதுக்கா. கல்லு வேணும்."

இறங்கும்போதும் சரக்கு வண்டிதான், உருளைக்கிழங்கு மூட்டைகளோடு. அதன்பின் நீண்ட நாட்கள் படுக்கை. ஆலை, பிறகு கூப்பிடுகிறோம் என்றது, கூப்பிடவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து, நேரம் சரியில்லை என்று தலையை ஆட்டினார்கள். நேரத்தின் மேல் பழி போடுவது எல்லாருக்கும் வசதி. முக்காலி போட்டவன் தப்பித்தான், சாலை போடாதவன் தப்பித்தான், கேலி செய்தவன் டீயைக் குடித்து முடித்தான். எடைமேடைக்காரர் மட்டும் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. "நேரமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் அவளக் கேக்கல" என்றார். அவரைப் பற்றி எழுதத் தோன்றியதே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

இப்போது மனைவி எழுந்து நடமாடுகிறார். முழு லோடு இருக்கும் நாளாகப் பார்த்துச் சரக்கு வண்டியில் அக்கா வீட்டுக்குப் போய்வருகிறார். திரும்புகிற வழியில் அந்த வண்டி உருளைக்கிழங்கோடு எடைமேடையில் ஏறும். ஓட்டுநர் இறங்குவார். மனைவி இறங்க மாட்டார், இவரும் இறங்கச் சொல்வதில்லை. அவருடைய எடையை மனதிலேயே கழித்துச் சீட்டு போடுகிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறார். மனைவி ஓட்டுநரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னார்: "பழைய ஸ்பிரிங்க வெச்சிருந்தா அந்தப் பாறை வரைக்குமாவது போய்ட்டு வரலாம். அதுல எனக்கு ஒண்ணும் வலிச்சதில்ல."

பழைய ஸ்பிரிங்குகள் கழற்றிய அன்றே இரும்புக்கடைக்குப் போய், உருகி, வேறு யார் வீட்டுக் கம்பியாகவோ ஆகிவிட்டன. நடுத்தரம் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். உயர்த்துகிற ஸ்பிரிங் எதிலும் இனி ஏறமாட்டேன் என்றுவிட்டார் மனைவி. பட்டறையில் பழையதைப் போலவே செய்யச் சொன்னார் எடைமேடைக்காரர். செய்து கொடுத்தது ஒரே மாதத்தில் ஒரு பக்கம் சரிந்தது. ரெண்டு இன்ச் கையை விரித்துவிட்டார். பழைய உயரத்துக்கு இறக்கித் தர அவர் கடையில் பொருள் இல்லை. யாரும் கேட்டதே இல்லையாம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உருண்டை விளக்கும் பின்கதவில் உதிரிச் சக்கரமும் உள்ள அந்தப் பழைய பெட்டி வண்டியை நீங்களும் உயர்த்தியிருப்பீர்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும். அவற்றை இரும்புக்கடையில் போடாதீர்கள். எடைமேடைக்குக் கொண்டுவந்து அவர் கையில் கொடுங்கள். சீக்கிரம் கொடுங்கள், மழைக்காலத்துக்கு முன்னால்.