பின்பெட்டியும் அவள் முதுகும்

என் மனைவி முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் நேரத்தில்தான் அந்தப் புது மோட்டார் சைக்கிளை வாங்கினோம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை வரை ரயிலில் நின்றுகொண்டே போவது இனி அவளால் ஆகாது. வண்டியின் பின்னால் ஒரு பெட்டி, அதில் சாய்மானத் திண்டு இருந்தால் சாய்ந்தபடி வரலாம். டாக்டரும் அரை மனதாகத் தலையாட்டினார். வண்டி விற்றவர்களே பெட்டியை மாட்டிக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை போட்டோம். குருக்கள் முன்விளக்குக்கும் சக்கரத்துக்கும் சந்தனம் வைத்துவிட்டு நகரப் பார்த்தார். இவள் விடவில்லை. “சாமி, நான் சாயப் போறது அந்தப் பாக்ஸ்லதான். அதுக்கு அடியிலயும் வைங்க.”

சாவியைத் திருகிப் பெட்டியைக் கழற்றினேன். அடியில் அதைத் தாங்கும் தட்டு. நான்கு மூலையிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார் குருக்கள். எனக்கும் திருப்தி. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

திங்கட்கிழமை காலை, நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் என் தோளைத் தட்டினாள்.

“ஏங்க, ஏதோ ஆடுது.”

“எது?”

“அதான் தெரியல. பாக்ஸ் ஆடுதா, என் முதுகு ஆடுதான்னு தெரியல.”

அன்று மாலை பெட்டியை மேலிருந்து அழுத்தினேன். பக்கவாட்டில் உலுக்கினேன். அசையவில்லை. கழற்றியும் பார்த்தேன். நான்கு மூலையிலும் நான்கு பொட்டு, கல்லாகக் காய்ந்து கிடந்தன. தட்டை வண்டியோடு பிடிக்கும் போல்ட்டெல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். புது வண்டியின் பொட்டைத் தானாக உதிரும்வரை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டோம். சுரண்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

“வண்டி நல்லாத்தான் இருக்கு,” என்று அவளிடம் சொன்னேன்.

மறுநாளும் ஆடியது. உள்ளே கிடந்த மழைக்கோட்டுதான் உருளுகிறதோ என்று அதை எடுத்து வெளியே வைத்தேன். டயரில் காற்றைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விற்ற இடத்துக்குப் போய்க் கேட்டால், மெக்கானிக் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “புது மோட்டர்லா அண்ணே, கொஞ்ச நாள் ஓடுனா செட்டாயிரும்” என்றான். எது செட்டாகும் என்று அவன் சொல்லவில்லை. நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

“கடையிலயும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க,” என்றேன் இவளிடம்.

அதன் பிறகு சாய்வதையே நிறுத்திவிட்டாள். விறைப்பாக உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். துணிக்கடை வாசலில் இறங்கியதும் இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். நான் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டாலிங் ஜெயாவில் என் ஆபிசுக்குத் திரும்பும் வழியெல்லாம் குழம்பிக்கொண்டே போவேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, “ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். மறுபடியும் ஸ்கேன் எடுக்கணும். திரும்ப வெட்டணும்னு சொன்னா வேலைய விட்டுடறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நிறுத்தி அவள் இடத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. திண்டில் சாய்ந்தேன். பெட்டி என்னோடு சேர்ந்து மெல்லப் பின்னால் போனது. பதறி நிமிர்ந்தேன். அதுவும் நிமிர்ந்தது.

இறங்கிப் பெட்டியைக் கழற்றினேன். மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முன்பக்கத்துப் பொட்டு ஒன்றில் ஸ்பேனரை வைத்து அழுத்தினேன். சந்தனம் உடைந்து கீழே விழுந்தது. அடியில் போல்ட் இல்லை. வெறும் ஓட்டை, அதன் வழியாகத் தரை தெரிந்தது. பக்கத்துப் பொட்டும் அப்படியே. பின்பக்கத்துப் போல்ட்டுகள் மட்டும் இத்தனை நாளும் தனியாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. முன்பக்கத்துக்குப் போடவே மறந்துவிட்டு வண்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஹார்ட்வேர் கடைக்குப் போய்ப் போல்ட்டும், பட்டையான வாஷரும், ஓட்டத்தில் கழலாமலிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டும் வாங்கிவந்தேன். நாலு மூலையையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். பெட்டியை மாட்டி அவளைக் கூப்பிட்டேன். ஏறி உட்கார்ந்து, பயந்து பயந்து முதுகைச் சாய்த்தாள். பிறகு முழுப் பாரத்தையும் போட்டாள். பெட்டி அசையவில்லை. நாளைக்கே வண்டி விற்ற கடைக்குப் போய் மானத்தை வாங்கப் போவதாக நான் கத்திக்கொண்டிருந்தேன்.

அவள் அதைக் கேட்கவே இல்லை. “அப்ப என் முதுகுக்கு ஒண்ணும் இல்லதானே?” என்றாள். கண் நிறைந்திருந்தது.

வண்டி நல்லாத்தான் இருக்கு என்று நான் சொன்னபோதெல்லாம் அவள் காதில் என்ன விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.