சின்னத் தாத்தா கொண்டுவந்த மண்

என் அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. உழைப்பாளி, சரி. மண்டகப்பட்டுக்குப் போகிற வழியில் முள்ளும் பாறையுமாகக் கிடந்த மேட்டை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற நிலமாக்கியவர், அதுவும் சரி. ஆனால் அவர் ஒருத்தராக ஆக்கவில்லை. அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, கூடவே வெயிலில் வெந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேட்டு வைத்துப் பாறையை உடைத்துக் கிணறு தோண்டினார்கள். நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டபோது கிணற்றையும் மோட்டாரையும் பொதுவில் வைத்தார்கள். மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் தம்பி முறை என்று பேச்சு.

எதனால் கெட்டது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஓர் ஆட்டுத் தலையால். எங்களில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினால் தலை மூத்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வருடம் சின்னத் தாத்தா, விருந்துக்கு வந்த மாமனார் ஆசைப்பட்டாரே என்று தலையை அவருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, அண்ணன் வீட்டுக்குத் தொடைக்கறியைக் கொடுத்தனுப்பினார். தொடை என்ன, முழு ஆட்டையே அனுப்பியிருந்தாலும் தாத்தா ஆறியிருக்க மாட்டார். தூக்குச்சட்டியை அப்படியே வாசலில் கவிழ்த்தார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது என்று ஆகிப்போனது.

அதோடு விட்டாரா மனுஷன்? தம்பி முறை வருகிற நாளெல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். தம்பியின் மல்லாட்டை பூத்து, விழுது மண்ணில் இறங்குகிற நேரம் அது. அப்போது ஈரம் இல்லையென்றால் விழுது காய்ந்துவிடும், காய் பிடிக்காது. தாத்தாவுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தார். சின்னத் தாத்தாவின் மனைவி இடுப்பில் பிள்ளையோடு வந்து அவர் காலில் விழுந்ததை என் அம்மா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"உங்க மொறையில கரண்ட் வரலைன்னா நான் இன்னா பண்ணட்டும்? கரண்ட் ஆபீஸ்ல போய் அழு" என்றாராம், மடியில் பீஸ் கட்டையை வைத்துக்கொண்டே. பாவி!

செடி கருகியது. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வளவனூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார்கள். இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளை சூளையிலேயே மஞ்சள் காமாலை கண்டு செத்தது. அதைத் துணியில் சுற்றி ஊருக்குத் தூக்கிவந்து, சின்னத் தாத்தா தன் பங்கு நிலத்தின் ஓரத்தில் குழி வெட்டினார். அடுத்த கழனியில் தாத்தா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லையாம். பிறகு சின்னத் தாத்தா தனியாக போர்வெல் போட்டு எப்படியோ தலையெடுத்துவிட்டார். அண்ணனோடு மட்டும் ஒரு சொல் பேசவில்லை.

இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தைய கதை. என் கண்முன் நடந்தது போன வருடம்.

தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. என் மாமா, தாத்தாவின் ஒரே மகன், அவரைத் திண்டிவனத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். வைத்தியத்துக்கு என்று சொல்லி, அவருடைய இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி, நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றார். அம்மாவும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அண்ணனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கிணற்றை மூடினார்கள். எங்கிருந்தோ கிராவல் கொண்டுவந்து கொட்டி, மஞ்சள் கல் நட்டார்கள். தாத்தாவிடம் யாரும் மூச்சு விடவில்லை. அவர் வாயில் தெளிவாக வந்ததே ஒரு பேச்சுதான்: "தண்ணி பாஞ்சிச்சா?" மாமா தினமும் கூசாமல் பதில் சொல்வார், "பாஞ்சிச்சுப்பா, மல்லாட்டை சும்மா அள்ளிக்கினு கெடக்குது."

மாதங்கள் போயின. முதுகெல்லாம் புண். டாக்டர் கைவிரித்தார். பால் ஊற்றினார்கள், போகவில்லை. பார்க்க வந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: மண்ணாசை. அவர் உழுத மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டால்தான் உயிர் பிரியும். வேறு மண்ணை ஊற்றினால் ஆவி அலையும் என்று மாமாவின் மனைவி, என் அத்தை, பயந்தாள். அவர் உழுத மண்ணோ கிராவலுக்கு அடியில். பாகம் பிரிவதற்கு முன் அவர் ஏர் ஓட்டிய மண் இன்னும் மண்ணாக இருந்தது சின்னத் தாத்தாவின் பாதியில் மட்டும்தான்.

பங்காளிச் சண்டை பெண் வயிற்றுப் பிள்ளைகளைச் சேராது. அதனால் என்னை அனுப்பினார்கள். நான் விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் போனேன். சின்னத் தாத்தா கழனியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நிலம் விற்றது தாத்தாவுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"எம்மா நாளா கெடக்குறான்?"

"அஞ்சாறு மாசம் ஆவுது சின்னத் தாத்தா. பாக்க முடியல. ஒரு பிடி குடுங்க, போதும்."

அவர் கையிலிருந்த களையை வரப்பில் போட்டார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் துண்டில் முடிந்தார். "நானே எடுத்துக்கினு வர்றேன். வண்டியை எடு பாப்பா" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு என்று வழியெல்லாம் நினைத்தேன். விக்கிரவாண்டியில் டீ வாங்கிக் கொடுத்து, அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் போனிலேயே அழுதாள். முட்டாள், நானும்தான்.

வீட்டில் அத்தை சொம்பில் தண்ணீரோடு தயாராக நின்றாள். சின்னத் தாத்தா கட்டிலோரம் உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்ததும் தாத்தாவின் இடது கை தடவித் தடவி வந்து அவர் தொடையில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் ஓடியது. சின்னத் தாத்தா துண்டை அவிழ்த்து, மண்ணை அந்த முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அண்ணே, இது யார் மண்ணு தெரியுதா? என்னுது. உன்னுது இல்ல. உன் மண்ணை உன் மவன் வித்துட்டான். கெணத்தை மூடி கல்லு நட்டுட்டான். அங்க மல்லாட்டையும் இல்ல, ஒரு மயிரும் இல்ல."

"சித்தப்பா! உனுக்கு அறிவிருக்குதா?" என்று மாமா பாய்ந்தார்.

"நான் சொன்னது பொய்யின்னு சொல்லுடா. உங்கப்பன் மூஞ்சைப் பாத்து சொல்லு."

தாத்தா கண்ணை மாமா பக்கம் திருப்பினார். மாமா கண்ணைத் தாழ்த்தி, போர்வை நுனியை இழுத்துவிட்டார். அத்தை கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். சின்னத் தாத்தா மண்ணை மறுபடி துண்டில் முடிந்துகொண்டு எழுந்தார். "என் புள்ள கெடக்குற மண்ணு இது. உனுக்கு இதுல ஒரு பிடி கெடையாது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

நான் தெருவரைக்கும் துரத்திக்கொண்டு போனேன். "சாவப் போற மனுஷன்கிட்ட இப்படிப் பண்ணிட்டியே, நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று கத்தினேன். ஆத்திரத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"ஆசை வுடணும்னுதான கூட்டியாந்தீங்க? அறுத்து வுட்டுட்டேன். இனிமே ஜல்தியா போயிடுவான்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்று என்னையே கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அவர் தானே விசாரித்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னபடி நடக்கவில்லை. அன்றும் போகவில்லை, அந்த மாதமும் போகவில்லை. பொங்கல் வந்து போனது, இன்றைக்கும் உயிர் இருக்கிறது. தண்ணி பாஞ்சிச்சா என்று மட்டும் அவர் கேட்பதில்லை. சின்னத் தாத்தா வந்துபோன மறுநாள் காலை நான் அங்கேதான் இருந்தேன். மாமா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினார். தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு மகனையே பார்த்தபடி கிடந்தார். மாமா எழுந்து போய்விட்டார். மத்தியானமும் அப்படியே. சாயங்காலம் மாமா மறுபடி கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். முதலிலிருந்தே ஊட்டுவது மாமாதான்; மருமகள் கையாலோ பேத்தி கையாலோ தாத்தா வாங்கமாட்டார். பசி பொறுக்காமல் தாத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.