ஊற்றுகிறவன்

கோப்பையை மேசையில் வைத்து, அதன் மட்டத்துக்குக் கண் வரும்வரை குனிந்துதான் ஊற்றுவான். வேதியியல் ஆய்வகத்தில் அளவுசாடியைப் பார்க்கிற அதே குனிவு. முடித்ததும் பாட்டிலின் கழுத்தைச் சட்டை நுனியால் துடைப்பான். ஒரு சொட்டு கீழே விழுந்து நாங்கள் பார்த்ததில்லை.

விடுதியில் அவனுக்குப் பைப்பு என்று பெயர். சனிக்கிழமை கால்பந்து முடிந்து பதினோரு பேரும் பதினான்காம் அறையில் கூடியதும், "பைப்பத் தொறங்கடா" என்று யாராவது கத்துவார்கள். ரம், கோலா, சோடா எல்லாம் அவன் பொறுப்பு. மூன்று வருடங்களில் அவன் ஒரு வாய் குடித்ததில்லை. அதை என்னைத் தவிர யாரும் கவனித்ததுமில்லை. "ஊத்துறவன்கிட்ட எவனும் நீ ஏன் குடிக்கலன்னு கேக்க மாட்டான் மாப்ள," என்பான். வந்த முதல் வாரமே அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

கணக்கு டீச்சரான அவன் அக்கா ஞாயிறு காலை தவறாமல் போன் செய்வாள். குரல் பக்கத்து அறைவரை கேட்கும்.

"குடிச்சியாடா?"

"இல்லக்கா. ஊத்துனேன்."

"இதுக்குத்தான் உன்ன கெமிஸ்ட்ரி படிக்க வச்சோமா?"

முதல் வருடமே நான் அவன் காதோடு சொல்லிவிட்டேன். "எனக்குக் கோலா மட்டும் ஊத்து. வெளிய சொல்லிடாத." தலையசைத்தான். என் கோப்பையும் மற்றவர்களுடையதைப் போலக் கறுப்பாகவே வந்தது. நானும் உரக்கச் சிரித்தேன், கொஞ்சம் தள்ளாடியும் காட்டினேன்.

எங்கள் கோல்கீப்பரைக் கோலி என்போம். முதல் வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவன். கடைசி வருடம் புதன்கிழமைகளிலும் குடித்தான், தனியாக. இரண்டு தேர்வுகளுக்குப் போகவில்லை. இன்னொன்றைத் தவறவிட்டால் கல்லூரியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பைப்பு பேச்செடுத்தால், "எல்லாருந்தானடா குடிக்கிறோம், என்னைய மட்டும் ஏன் புடிச்சுக்கற?" என்பான். பைப்புக்குப் பதில் தெரியும். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை என் அறை வாசலில் வந்து நின்றான். "நாளைக்குக் கோலா வாங்கல. உனக்கு வெறும் சோடாதான். வெள்ளையா, எல்லாருக்கும் தெரியும். கோலிக்காகக் கேக்கறேன். முடியாதுன்னா சொல்லிடு, வாங்கிடறேன்."

பத்துக் கோப்பைகளில் ஒன்று மட்டும் வெள்ளை. ஆயுசுக்கும் கிண்டல் செய்வார்கள். சரி என்றேன்.

மறுநாள் வெயில் இறங்குமுன் கோப்பைகளை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்துக் குனிந்து குனிந்து ஊற்றினான். ரம் கலந்த இரண்டு மட்டும் பழுப்பு. கோலியுடையது இன்னும் காலி. மீதி ஏழும் வெள்ளை. ஏழு பேரிடமும் தனித்தனியே போய்க் கேட்டிருக்கிறான். தான் ஒருவன்தான் என்று நம்பியே ஒவ்வொருவனும் சரி சொல்லியிருக்கிறான். அந்த ஏழில் ஒன்று என்னுடையது என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

"என்னடா இது, ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தான் கோலி. கூடச் சிரிக்க ஆளில்லை. விரல் நீட்டி எண்ணினான். "எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா," என்றான் ஒருவன்.

"எனக்கு மூணு," என்றேன் நான்.

"அப்ப நான் யாரோடடா குடிச்சிட்டிருந்தேன்?"

பைப்பு காலிக் கோப்பையின் இரு பக்கமும் ரம்மையும் சோடாவையும் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். அவன் ஊற்றாமல் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கோலி ரம்மைத் தொட்டான். கையை எடுத்தான். சோடாவைத் தானே ஊற்றிக்கொண்டான், பாதி தரையில். பிறகு பாட்டிலோடு பைப்பு பக்கம் திரும்பி, "உன் கிளாஸ் எங்கடா?" என்றான்.

அந்த அறையில் அவனுக்கென்று ஒரு கோப்பை இருந்ததேயில்லை. பைப்பு எழுந்து வந்து இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டினான். மட்டம் பார்க்கக் குனிந்துகொண்டான்.