ஃப்ளோரன்ஸ் டீச்சரும் ஷெரில் வீட்டு நாயும்

சாந்தோமில் ஃப்ளோரன்ஸ் டீச்சரைத் தெரியாத குடும்பம் குறைவு. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு உட்கார வைத்து, பதினெட்டு வருஷமாகப் படிக்கப் பழக்கியவர். இரண்டு வருஷமாகியும் அவரிடம் தேறாத ஒரே பெண் ரெஜினா. மீனவர் குப்பத்துப் பெண், எட்டாம் வகுப்பு. வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தையிலேயே நின்றுவிடுவாள்.

1998 ஜூலையில் பள்ளிக்கு நூலகராகப் புதிதாக வந்த ஷெரில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தன் கிழட்டு நாயையும் மாலையில் கூட்டி வந்தாள். அதன் பெயர் மண்ணாங்கட்டி. ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போன ஃப்ளோரன்ஸ் நூலக வாசலிலேயே நின்றுவிட்டார். தரையில் படுத்திருந்த நாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு ரெஜினா சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். தடுமாறினாள், ஆனால் நிறுத்தவில்லை. முழுசாக ஒரு பக்கம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஃப்ளோரன்ஸுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷம் தொண்டை வறளக் கத்தியது நான், பேர் இந்த நாய்க்கா?

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், நாயைப் பற்றிப் பெற்றோர் புகார் சொல்கிறார்கள் என்றார். யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாய் வருவது நின்றது. நான்காம் நாளிலிருந்து ரெஜினாவும் டீச்சரிடம் வரவில்லை.

ஃப்ளோரன்ஸ் குப்பத்துக்கே தேடிப் போனார். ரெஜினா குழாயடியில் நின்றிருந்தாள்.

“ஏன்மா வரல? நான் என்ன குறை வெச்சேன்?”

“நீங்க நல்லவங்கதான் டீச்சர். நான் தப்பா படிச்சா உங்க மூஞ்சி மாறுது. அந்த நாய்க்கு இன்னா தெரியும்? சும்மா படுத்துக்கினு கீது. எனக்குப் பயம் வரல.”

அன்று மாலையே ஃப்ளோரன்ஸ் ஷெரில் வீட்டுக்குப் போனார்.

“புகார் எதுவும் வரலம்மா. நானா சொன்ன பொய். பொறாமை.”

ஷெரில் நாயைத் திரும்பிப் பார்த்தாள். “அது நாய், மிஸ்.”

“தெரியும். அதனாலதான் இன்னும் வலிக்குது.”

தலைமையாசிரியையிடமும் ஒப்புக்கொண்டு திட்டு வாங்கினார். நாய் திரும்பி வந்தது. படிக்க வேண்டிய புத்தகத்தை ஃப்ளோரன்ஸ் எடுத்துக் கொடுப்பார். ரெஜினா வாசிக்கும்போது வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அடுத்த ஈஸ்டருக்கு ரெஜினா கோயில் பூசையில் பைபிளின் முதல் வாசகத்தை வாசித்தாள். மூன்று இடத்தில் தடுக்கியது, முடித்துவிட்டாள். வெளியே வந்ததும் பங்குச் சாமியார், “எல்லாம் உங்க உழைப்பு, டீச்சர்” என்றார்.

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“பாதி என்னுது ஃபாதர். மீதி ஷெரில் வீட்டு நாயோடது.”

பாதிக்கு மேல் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.