அண்ணன் சொன்ன ‘பரவாயில்லை’

என் அண்ணன் முடிதிருத்துபவர். கடைப்பக்கம் அவருக்கு ‘பரவாயில்லை’ என்றே பெயர். காய்ச்சலா, பரவாயில்லை. கரண்ட் இல்லையா, பரவாயில்லை. கல்யாண வீட்டில் இவரை மட்டும் சாப்பிடக் கூப்பிட மறந்துவிட்டார்களா, அதுவும் பரவாயில்லை. கேட்டால் ஒரு நியாயம் வைத்திருப்பார்.

“கழுத்த நம்பிக் குடுக்குறாங்க. கத்தி வச்சிருக்கவன் எனக்கு முடியலன்னு சொன்னா யாரு வந்து உக்காருவாங்க?”

கடைக்கு அது சரி. அதை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போனாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை, சர்க்கரை வேறு. பாதம் இரண்டும் தணலை மிதித்ததுபோல் எரியும். அந்த எரிச்சலுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறோம், தன்னார்வலர்கள் தேவை என்று பெரிய ஆஸ்பத்திரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் கிளம்பினார், துணைக்கு நானும் போனேன்.

ஆய்வு நர்ஸ் பொறுமையாக விளக்கினார். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதற்காக வழக்கமான வைத்தியம் நிற்காது.

“இந்த மாத்திரையப் பத்தி எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கத்தான் உங்களக் கூப்பிடுறோம். நல்லா இருக்குன்னு சொல்லி எங்களச் சந்தோஷப்படுத்த வேண்டாம். உடம்புல என்ன மாறினாலும், சின்னதா இருந்தாலும் சொல்லிடுங்க.”

அண்ணன் பூம்பூம் மாடுபோல் தலையாட்டினார்.

மாத்திரை தொடங்கிய பிறகு எரிச்சல் குறைந்தது. கூடவே தலைசுற்றலும் வந்தது. கடை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம், சுற்றல் நின்றபின் கத்தியை எடுப்பாராம். இதெல்லாம் பிறகு அண்ணி சொல்லித் தெரிந்தது. நர்ஸ் கேட்கும்போதெல்லாம் பழைய பல்லவிதான். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். இவ்வளவு அன்பாகக் கேட்கிற பெண்ணிடம் போய்க் குறை சொல்வதா என்று கூச்சம் வேறு.

அதே ஆய்வில் ஒரு நூலகர் அம்மா இருந்தார். காத்திருக்கும் அறையில் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உங்களுக்குத் தலை சுத்துதாங்க? ஏணியில ஏறிப் புத்தகம் எடுக்குற வேலை எனக்கு. அதான் கேக்குறேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா.”

“அப்ப எனக்குத்தான் வயசாகுது போல” என்று அந்த அம்மா சிரித்தார். உள்ளே போய் அவரும் நர்ஸிடம் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த முறை போனபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

“இங்க வர்றவங்கள்ல ஒருத்தங்க ஏணியிலருந்து விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சு” என்றார் நர்ஸ். “உங்களுக்குத் தலை சுத்துதா? உள்ளதச் சொல்லுங்க.”

அண்ணன் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“மாத்திரையாலதானான்னு இன்னும் தெரியாது. ஆனா நீங்க முதல்லயே சொல்லியிருந்தா, எல்லாருக்கும் போன் பண்ணி ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லியிருப்போம்.”

அதே ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த அந்த அம்மாவைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார் அண்ணன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “எனக்கும் சுத்துச்சும்மா. நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்” என்றார்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இனிமே ஏணி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க” என்றார். “மேல் தட்டு முழுக்க நான் அடுக்கினது.”

அண்ணன் குனிந்து கேட்டார். “ரொம்ப வலிக்குதாம்மா?”

“பரவாயில்லைங்க.”

அண்ணனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அது எப்பேர்ப்பட்ட பொய் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? விறுவிறுவென்று வெளியே போனார். “அந்தம்மாவுக்கு வலி தாங்கல, உடனே வந்து பாருங்க” என்று வராந்தாவில் அவர் குரல் கேட்டது.

வாய் திறந்துவிட்டது. அந்த அம்மா ஏணியில் ஏறுவதற்கு முன்னால் திறந்திருக்க வேண்டிய வாய்.