முதுகு காட்டாத வீரன்

என் அப்பா அம்புரோஸ் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. அதோடு நிறுத்தியிருக்கலாம். 1927இல், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரிடம் பழைய சினிமா கேமராவை வாங்கினார். அடுத்த இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றது.

கதையும் அவருடையதே. வெள்ளத்தில் பாலம் உடைகிறது. தண்டவாளக் கூலி ஒருவன் சிவப்புக் கொடியோடு ஓடி ரயிலை நிறுத்துகிறான். கிள்ளான் ரயில் பாதையில் எடுத்தார். கூலியாக வந்தவர் நிஜக் கூலியான சின்னையா. அவருக்கு நடிக்கத் தெரியாது. அது குறையில்லை. அப்பா கற்றுக்கொடுத்தார், அதுதான் குறை.

அப்பா பதினோரு வருடம் மாதா கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை நாடகம் போட்டவர். முன்வரிசையில் சாமியார் இருப்பதால் யாரும் முதுகு காட்டக் கூடாது என்பது அவர் சட்டம். யூதாஸ்கூடப் பின்னால் நடந்தே தூக்குப் போட்டுக்கொள்ளப் போவான். சின்னையாவும் நம்மைப் பார்த்தபடி ரயிலை நோக்கிப் பின்பக்கமாக ஓடுகிறார். மூன்று முறை விழுகிறார். சிலுவைப் பாதையிலும் மூன்று முறைதானே என்று அப்பா மூன்றையும் வைத்துக்கொண்டார். கொடி கறுப்பாகத் தெரிகிறது. அந்த பிலிமில் சிவப்பு அப்படித்தான் விழும். அதையும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

நான் டெக்னிக்கல் ஸ்கூலில் படித்து, கோலாலம்பூரில் ஒரு படக்கொட்டகையில், கையால் சுற்றிப் படம் காட்டும் மெஷின் ஓட்டுகிறேன். அங்கே ஒரு காலைக் காட்சி அந்தப் படம் ஓட வேண்டும். அப்பா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒரு மத்தியானம் அவருக்கு மட்டும் ஓட்டிக் காட்டினேன்.

"ஏன்டா கிளாரன்ஸ், ரயில் மாட்டுவண்டி மாதிரி வருது?"

"ரயிலப் பாத்ததும் பதறி கேமராவ வேகமா சுத்திட்டீங்க. அப்படி எடுத்தா திரையில மெதுவாத்தான் ஓடும்."

"மத்ததெல்லாம்?"

"மத்தத சொல்ல ஆரம்பிச்சா பொழுது போயிடும்ப்பா."

"இத சரி பண்ணா போடுவியா?"

"ரயில திரும்ப எடுத்துட்டு வாங்க. பாக்கலாம்."

திரும்ப எடுக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் மெஷினை வேகமாகச் சுற்றினால் போதும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கொட்டகை ஆட்கள் முன்னால் அந்தப் படத்துக்கு மகனாக இருக்க நான் விரும்பவில்லை.

அவர் போனார். டிசம்பர் மழையில் மூன்று ஞாயிறு பாலத்தருகே நின்றார். சின்னையா குடை பிடித்தார், கேமராவுக்கு.

"கிராணியாரே, நீங்க நனையறீங்க."

"நான் நனைஞ்சா காஞ்சிடுவேன் லா. பிலிம் காயாது."

மூன்றாம் ஞாயிறு காய்ச்சல். பத்தாம் நாள் நிமோனியாவில் இறந்தார். புதிய சுருளைக் கழுவிப் பார்த்தேன். லென்ஸில் ஆவி படிந்து எல்லாம் ஒரே சாம்பல். ரயில் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கோயில் ஹாலில் படத்தைப் போடச் சொன்னாள் அம்மா மகதலேனா. பழைய சுருளை ஓட்டினேன். சின்னையா விழுந்தபோதெல்லாம் சிரித்தார்கள். சின்னையாதான் அதிகம் சிரித்தார். ரயில் வந்ததும் கைப்பிடியை வேகமாகச் சுற்றினேன். சிரிப்பு நின்றது. ரயில் ரயிலாக வந்தது.

விளக்கு போட்டதும் அம்மா மெஷினருகே வந்தாள்.

"மெதுவா வருதுன்னு அப்பா புலம்பிக்கிட்டே இருந்தாரே. எப்படிடா சரி பண்ண?"

"மெஷின வேகமா சுத்துனேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அன்னைக்கே அவருக்கு இப்படிச் சுத்திக் காட்டியிருக்கலாமே?"

"அப்ப எனக்கு இது தெரியாதும்மா" என்றேன்.