பலகைக்குக் கீழே எடுத்த படம்

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்களே, ஆற்றுப்பாலம் வெள்ளத்தில் போய் நாங்கள் படகில் ஏறி கூலிம் டவுனுக்குப் போய்வந்தோமே, அந்த வருடம்தான் சுப்பையா அண்ணன் எங்கள் நாற்பது பேரைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். போன செவ்வாய்க்கிழமை, அண்ணன் தவறிவிட்டார் என்று தொலைபேசி வந்ததும் எனக்கு அந்த வருடம்தான் கண்முன் நின்றது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் மகள் ராணி எழுதுகிறாள்.

அவர் எங்கள் தோட்டத்துக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுபவர். யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் அவர்தான் வாசிப்பார்; பதிலும் அவரே எழுதுவார். விமானத்தில் நாற்பது பேருடைய குடிநுழைவுப் பாரத்தையும் அவரே எழுதி நிரப்பினார். அவர் கையெழுத்தில்தான் நாங்கள் இந்தியாவுக்குள் நுழைந்தோம்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. அப்பாவின் தங்கை அஞ்சலை அத்தை புங்கம்பாக்கத்தில் இருந்தார்கள். "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாடா" என்று சொல்லித்தான் அப்பா கண்ணை மூடினார். மகாபலிபுரம் போகும் சாலையில் அந்த ஊர். வியாழக்கிழமை வருகிறோம் என்று அத்தைக்குக் கடிதம் எழுதியவரும் அண்ணன்தான்.

மெரினாவில் எங்களை வரிசையாக நிறுத்தி, "இந்தக் கடல்லதான்யா உங்க தாத்தனுங்க கப்பலேறுனானுங்க, கும்பிட்டுக்குங்க" என்றார். கும்பிட்டோம். கலங்கரை விளக்கம், பாம்புப் பண்ணை, அருங்காட்சியகம் எல்லாம் காட்டினார். எங்கே என்ன எழுதியிருந்தாலும் உரக்க வாசித்துச் சொல்வார்.

வியாழக்கிழமை பஸ் ஒரு தேநீர்க்கடையில் நின்றது. அத்தைக்கு வாங்கிய பூப்போட்ட பாத்தேக் கைலி என் மடியில்.

"அண்ணே, புங்கம்பாக்கம் இன்னும் எவ்வளவு தூரம்ணே?"

"இன்னும் ரொம்ப தூரம்டா கருப்பையா. நீயும் மாரியாயியும் இப்படி நில்லுங்க, ஒரு படம் எடுக்கிறேன்."

கைலியும் கையுமாக நானும் என் மனைவியும் ஒரு பலகைக்குக் கீழே நின்றோம். "சிரி லா! மொதலாளி மாதிரி நிக்கிற!" என்றார். சிரித்தோம். கடைக்காரரிடம் வழி கேட்டிருக்கலாம். படித்தவர் பக்கத்தில் நிற்கும்போது வேறொருவரிடம் கேட்டால் அவரை நம்பாதது போல ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முதலைப் பண்ணை பார்த்தோம். மகாபலிபுரத்தில் உருளாமல் நிற்கும் பெரிய பாறையைக் கையால் தாங்குவது போல ஒவ்வொருவராக நின்றோம். பொழுது சாய்ந்தது. "இனிக் காஞ்சிபுரம் ரோட்டுல போறோம், புங்கம்பாக்கம் வேற பக்கம். அடுத்த வருஷம் ஒன்ன நானே கூட்டிட்டு வரேன்" என்றார். கைலியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அடுத்த வருடத்துக்குள் அத்தை இறந்த கடிதம் வந்தது. அந்த வியாழக்கிழமை சோறாக்கி வைத்துக் காத்திருந்தார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. வாசிக்கும்போதே அண்ணன் அழுதார். எனக்காக அழுகிறார் என்று நினைத்து நான்தான் அவரைத் தேற்றினேன். அந்தப் படத்தைக் கேட்டபோது, "அது சரியா விழலடா" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில், மாலை போட ஒரு படம் தேடி, பிஸ்கட் டின்னில் இருந்த படங்களைக் கொட்டினார்கள். அதில் நானும் மாரியாயியும் சிரித்துக்கொண்டிருந்தோம். தெளிவாகத்தான் விழுந்திருந்தது. ராணி வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, பலகையில புங்கம்பாக்கம்னு போட்டிருக்கே."

அண்ணனின் மனைவி சரஸ்வதி அக்கா தலை நிமிரவில்லை. "ஒருத்தருக்கு நிறுத்துனா நாப்பது பேரும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவணும்பாங்க, மொதலப் பண்ணைய மூடிருவான்னு நெனச்சாரு தம்பி. பொறவு சொல்ல வாய் வரல அவருக்கு."

முதலைகள். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன. அதைத்தான் பார்த்தேன், அத்தையைப் பார்க்கவில்லை.

அண்ணே, ஊரில் உள்ள எல்லாப் பலகையையும் எங்களுக்கு வாசித்துச் சொன்னீர்கள். அந்த ஒன்றை மட்டும் வாசிக்கவில்லை. ஆனாலும் மற்றவர்களோடு வரிசையில் நின்று உங்களுக்கு வாய்க்கரிசி போட்டேன். போய் வாருங்கள்.

சோறாக்கி வைத்துக் காத்திருந்த அத்தை போய்விட்டார்கள். பக்கத்தில் நின்று சிரித்த மாரியாயி போய்விட்டாள். படம் எடுத்தவரும் போய்விட்டார். இன்னும் உயிரோடு இருப்பது, அந்தப் பலகைக்குக் கீழே கைலியோடு சிரித்துக்கொண்டு நிற்கும் கருப்பையா.